பலெர்மோ டைரி: நாலு எழுத்துல ஒரு கல்லறைக் கல், ரோசாலியா மலை, தங்கக் கோயில்கள்

வியாழன் – ஏர்போர்ட்டுல இருந்து ஊருக்குள்ள

இத்தாலியோட சிசிலித் தீவுல இருக்கற ஊரு பலெர்மோ. அதோட ஏர்போர்ட் ஊர்ல இருந்து 35 கிலோமீட்டர் தள்ளி புந்தா ராய்சிங்கற இடத்துல கடலை ஒட்டி இருக்கு, இறங்கும்போது ஒரு பக்கம் மொட்டைப் பாறை மலை, இன்னொரு பக்கம் கடல், நடுவுல ரன்வே. ஏர்போர்ட்டுக்கு வச்சிருக்கற பேரு ஃபால்கோனே போர்செல்லினோ. ரெண்டு பேருமே மாஃபியாவை எதிர்த்து நின்ன நீதிபதிங்க, ரெண்டு பேருமே இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவங்க. இவங்க தயார் பண்ணின கேஸ்ல 1986-ல பெரிய விசாரணை ஆரம்பிச்சு நூத்துக்கணக்கான மாஃபியாக்காரங்களுக்கு தண்டனை கிடைச்சுது, 1992 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிடுச்சு. அதே வருஷம் மே 23-ம் தேதி ஜொவான்னி ஃபால்கோனே ஏர்போர்ட்டுல இறங்கி இதே ரோட்டுல வீட்டுக்கு வந்துட்டிருக்கும்போது கபாச்சி ஊர்ப் பக்கத்துல ரோட்டுக்கு அடியில குண்டு வச்சு வெடிச்சுட்டாங்க. அவரு, அவர் மனைவி ஃப்ரான்செஸ்கா மோர்வில்லோ, காவலுக்கு வந்த மூணு போலீஸ்காரங்க. ரெண்டு மாசம் கூட ஆகல, ஜூலை 19-ம் தேதி பாவ்லோ போர்செல்லினோவையும் அஞ்சு காவலர்களையும் ஊருக்குள்ளயே கொன்னாங்க.

பஸ்ல வர்றப்ப ரோட்டோட ரெண்டு பக்கமும் செவப்பா உயரமா ரெண்டு தூண் நிக்கும், அதுதான் இடம். மேல மலைச்சரிவுல சின்னதா ஒரு வெள்ளைக் கட்டடம், அதுல நீல எழுத்துல பெருசா "நோ மாஃபியா"ன்னு எழுதியிருக்கு, அங்க இருந்துதான் பட்டனை அழுத்தினாங்க. சிசிலின்னதும் மாஃபியாவை ஏதோ ஸ்டைலான விஷயமா பேசறவங்க நம்ம ஊர்லயும் உண்டு, கடையில கூட அந்த மாதிரி டீஷர்ட் விக்கறாங்க. தயவுசெஞ்சு வாங்காதீங்க. இந்த ஊர்ல குடும்பத்துல ஒருத்தரை பறிகொடுத்தவங்க இன்னும் இருக்காங்க.

ரூம்ல பெட்டிய வச்சுட்டு சாயங்காலம் நானும் வீட்டுக்காரரும் குவாத்ரோ கான்தி வரைக்கும் நடந்தோம். பழைய ஊரோட ரெண்டு பெரிய தெரு ஒண்ணையொண்ணு வெட்டற நாற்சந்தி, 1600-கள்ல கட்டினது. நாலு மூலையிலயும் வளைஞ்ச சுவர், கீழ பருவங்கள், நடுவுல அப்ப சிசிலியை ஆண்ட ஸ்பெயின் ராஜாக்கள், மேல ஊரைக் காக்கற பெண் புனிதர்கள்னு அடுக்கடுக்கா சிலை. தெருவுல வண்டி கிடையாது, ஒருத்தர் வயலின் வாசிச்சுட்டிருந்தாரு. பத்தடி தள்ளினா பிரெத்தோரியா நீரூற்று. ஃபிளாரன்ஸ்ல ஒரு பணக்கார வீட்டுத் தோட்டத்துக்கு செஞ்சதை பலெர்மோ நகரசபை விலைக்கு வாங்கி 1574-ல துண்டு துண்டா கழட்டி கப்பல்ல கொண்டு வந்திருக்காங்க. சுத்தி நிக்கற சிலைங்க உடம்புல துணி இல்ல, எதிர்லயே கன்னியாஸ்திரி மடம், அதனால ஊர்க்காரங்க இதுக்கு வெட்கக்கேட்டு நீரூற்றுன்னே பேரு வச்சுட்டாங்க. அந்த மடத்துக்குள்ள இப்ப ஒரு மிட்டாய் கடை இருக்கு, பழைய மடங்கள்ல சிஸ்டர்ஸ் செஞ்ச பக்குவத்துலயே பாதாம் பலகாரம் விக்கறாங்க. முற்றத்துல உக்காந்து ரிக்கோட்டா நிரப்பின கன்னோலி சாப்பிட்டோம், கேட்ட பிறகுதான் உள்ள வச்சுத் தர்றாங்க, அதனால ஓடு மொறுமொறுன்னு இருக்கு.

வெள்ளி – ரோஜர் ராஜாவோட கூரை

காலையில எட்டரைக்கு முன்னாடியே நார்மன் அரண்மனை வாசல்ல நின்னுட்டோம். இது இப்பவும் வேலையில இருக்கற கட்டடம், சிசிலி சட்டசபை இங்கதான் கூடுது, அதனால ராஜா இருந்த அறைகளை வெள்ளி முதல் திங்கள் வரைக்கும்தான் திறந்து விடறாங்க, ப்ளான் போடும்போதே பார்த்துக்கங்க.

கொஞ்சம் சரித்திரம் சொல்லிடறேன், இல்லாட்டி உள்ள பார்க்கறது புரியாது. ஃபினீஷியர் ஆரம்பிச்ச துறைமுகம் இது, அப்புறம் ரோம், பைசாண்டியம். 831-ல அரபுக்காரங்க பிடிச்சு சிசிலிக்கே தலைநகரா ஆக்கினாங்க, எலுமிச்சை, புளிப்பு ஆரஞ்சு, கரும்பு, பாசன வாய்க்கால் எல்லாம் அவங்களோட வந்தது. 1072-ல நார்மன்காரங்க, வடக்கு ஃபிரான்ஸ்ல இருந்து கூலிக்கு சண்டை போட வந்த கூட்டம், ஊரை அவங்ககிட்ட இருந்து பிடிச்சுட்டாங்க. ஆனா ஜெயிச்சவங்க அரபு கணக்குப்பிள்ளையையும் தச்சனையும் நெசவாளியையும் விரட்டல, தன்கிட்டயே வேலைக்கு வச்சுக்கிட்டாங்க. 1130 கிறிஸ்துமஸ் அன்னிக்கு முடிசூடின இரண்டாம் ரோஜர் கிரேக்கர் ஒருத்தரை கடற்படைத் தலைவரா வச்சிருந்தாரு, அல் இத்ரீசிங்கற அரபு அறிஞரை கூப்பிட்டு உலக வரைபடமும் அதுக்கு ஒரு பெரிய புத்தகமும் செய்ய வச்சாரு, 1154-ல முடிஞ்சுது அது.

அந்த ரோஜர் தன் அரண்மனைக்குள்ள கட்டினதுதான் கப்பெல்லா பலத்தினா. சின்ன சாப்பல்தான், ஆனா உள்ள காலை வச்சதும் எனக்கு பேச்சு வரல. சுவர் முழுக்க தங்கம் வச்ச கண்ணாடிச் சில்லு, ஒவ்வொண்ணும் விரல் நகத்தளவு கூட இருக்காது, அதை அடுக்கி ஆதாம் ஏவாள்ல இருந்து பேதுரு பவுல் வரைக்கும் கதை. செஞ்சவங்க பைசாண்டிய மரபுல வந்த கைவினைஞர்கள். குவிமாடத்துல இயேசு, சுத்தி தேவதூதர்கள், பேரெல்லாம் கிரேக்கத்துலயும் லத்தீன்லயும் எழுதியிருக்கு. சில்லுகளை சமமா பதிக்காம கொஞ்சம் கொஞ்சம் சாய்ச்சு பதிச்சிருக்கறதால நாம ரெண்டடி நகர்ந்தா வெளிச்சமும் கூடவே நகருது.

எல்லாரும் சுவரைத்தான் பார்க்கறாங்க, நான் சொல்றது நிமிர்ந்து கூரையைப் பாருங்கன்னு. நடுக்கூரை பூரா மரம், அரபு உலகத்து முகர்னாஸ் வேலை, அடுக்கடுக்கா குழி குழியா தொங்குது, எட்டுமுனை நட்சத்திரம், ஓரமெல்லாம் கூஃபிங்கற பழைய அரபு எழுத்துல வாழ்த்து வாசகம். சின்னச் சின்ன கட்டத்துக்குள்ள ஓவியம், வீணை மாதிரி ஏதோ வாசிக்கறவங்க, நடனம் ஆடறவங்க, ஒட்டகம், கோப்பையோட சம்மணம் போட்டு உக்காந்திருக்கற ஆளு, செஸ் ஆடற ரெண்டு பேரு. ஒரு மாதா கோயில் கூரையில இதெல்லாம்! நம்ம பக்கத்துல பொறந்து பாரசீகம் அரபு வழியா போன சதுரங்கம் ஐரோப்பாவுல கால் வச்ச காலத்துல வரைஞ்ச படம் அது. வெறும் கண்ணுக்கு சரியா தெரியாது, பைனாகுலர் இருந்தா கண்டிப்பா கொண்டு போங்க. சாப்பலுக்கு வெளிச் சுவர்ல ஒரு கல் பதிச்சிருக்காங்க, ரோஜர் 1142-ல செய்ய வச்ச நீர்க்கடிகாரத்துக்கான கல்வெட்டு, லத்தீன் கிரேக்கம் அரபின்னு மூணு மொழியில.

மதியம் கதீட்ரல். தெற்கு வாசல்ல இடப்பக்கத் தூணைப் பார்க்க மறக்காதீங்க, அதுல குர்ஆன் வசனம் செதுக்கியிருக்கு, பல நூறு வருஷமா அந்த வசனத்தைத் தாண்டித்தான் ஜனங்க பூசைக்குப் போறாங்க. உள்ள ரோஜர், அவர் பேரன் இரண்டாம் ஃபிரெடரிக் எல்லாரோட கல்லறையும் இருக்கு, கருஞ்சிவப்பு போர்ஃபிரி கல்லுல. ஃபிரெடரிக் அரபி தெரிஞ்ச ராஜா, பெரிய அறிவாளின்னு சொல்வாங்க, ஆனா சிசிலியில மிச்சம் இருந்த முஸ்லிம்களை ஊர் ஊரா பிடுங்கி இத்தாலியில லுச்செராங்கற இடத்துக்கு அனுப்பினதும் அவருதான். கைடு அதை ஒரு வரியில சொல்லிட்டு நகர்ந்துட்டாங்க, எனக்கு காலையில பார்த்த கூரையே ஞாபகம் வந்துட்டிருந்துது, அதை செஞ்சவங்களோட பேரப்பிள்ளைங்களையும்தான் விரட்டியிருப்பாங்க. யூதர்களும் அப்படித்தான், 1492-ல ஸ்பெயின் ராஜா போட்ட உத்தரவுல சிசிலியை விட்டே போக வேண்டியதாச்சு. அவங்க இருந்த தெருக்கள்ல இப்ப பேர்ப்பலகை இத்தாலி, ஹீப்ரு, அரபின்னு மூணுலயும் இருக்கு.

மார்தொரானா கோயிலுக்குள்ள ரோஜர் தலையில இயேசுவே கிரீடம் வைக்கற மொசைக் இருக்கு, ரெண்டு முகமும் கிட்டத்தட்ட ஒரே சாயல். கட்டினது அந்த கிரேக்க கடற்படைத் தலைவர், அந்தியோக் ஜார்ஜ். சாயங்காலம் சான் லொரென்சோ சின்னக் கோயிலுக்கும் போனோம். கரவாஜோ வரைஞ்ச கிறிஸ்து பிறப்பு ஓவியம் இங்க இருந்துது, 1969 அக்டோபர்ல ராத்திரியோட ராத்திரியா சட்டத்துல இருந்து வெட்டி திருடிட்டுப் போயிட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல. இப்ப தொங்கறது நகல். சுத்தி சிற்பி செர்போத்தா செஞ்ச வெள்ளை சுண்ணச்சாந்து குழந்தைகள் மட்டும் அப்படியே விளையாடிட்டிருக்கு.

சனி – பல்லாரோ சந்தை, ஜீசா அரண்மனை

பல்லாரோ சந்தை காலையில எட்டு மணிக்கே கூவல் ஆரம்பம். வாள்மீன் தலையை கொம்போட நிமிர்த்தி வச்சிருக்காங்க, பக்கத்துல ஆளுயரத்துக்கு நீட்டு சுரைக்காய், கத்திரிக்காய் குவியல், ஆலிவ் பத்து தினுசு. சைவம் சாப்பிடறவங்களுக்கு பலெர்மோ தெருவுல கவலையே இல்ல. பனெல்லேன்னு ஒண்ணு, கடலை மாவை தண்ணியில கிண்டி களியா ஆனதும் பரப்பி ஆறவிட்டு மெலிசா வெட்டி எண்ணெயில பொரிச்சு எள்ளு தூவின பன்னுக்குள்ள வச்சு எலுமிச்சை பிழிஞ்சு தர்றாங்க. கூட உருளைக்கிழங்கு குரொக்கே. கத்திரிக்காயை புளிப்பும் இனிப்புமா வதக்கின கபொனாத்தா. வீட்டுக்காரர் மாட்டு மண்ணீரல் வச்ச பன் வாங்கினாரு, பனி கா மேவூசா, கொழுப்புல வதக்கினது, நல்லா இருக்குன்னு முழுசா சாப்பிட்டாரு.

சந்தை ஓரத்துல திடீர்னு தமிழ் எழுத்து! ஒரு மளிகைக் கடை. முருங்கைக்காய், பச்சை மிளகாய், யாழ்ப்பாணக் கறித்தூள், அப்பளம். இலங்கையில சண்டை நடந்த காலத்துல, 80-கள்ல இருந்தே இங்க தமிழர்கள் வந்து சேர்ந்திருக்காங்க, நிறைய பேரு வீட்டு வேலை பார்த்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினவங்க, அடுத்த தலைமுறை சிசிலி பாஷையை இந்த ஊர்ப் பிள்ளைங்க மாதிரியே பேசுது. கல்லாவுல இருந்த அம்மா எங்க பேச்சைக் கேட்டுட்டு "இந்தியாவோ பிள்ளை?"ன்னாங்க. திருச்சின்னேன். எங்கெல்லாம் போனோம்னு கேட்டு, நாளைக்கு என்ன பண்ணப் போறீங்கன்னும் கேட்டாங்க.

"நாளைக்கு ஞாயிறெல்லே, சாந்தா ரோசாலியாட்ட போங்கோ. நாங்கள் சைவம்தான், எண்டாலும் மலைக்குப் போகாம விடமாட்டம்."

"பஸ்ல போலாமாம்மா?"

"பஸ்ஸும் போகுது. ஏலுமெண்டா நடந்து ஏறுங்கோ. வந்த புதுசில பாசையும் தெரியாது, ஒருத்தரையும் தெரியாது பிள்ளை, அவவிட்ட போய்த்தான் அழுதனாங்கள்."

காசு கொடுக்கும்போது ஒரு பொட்டலம் பருத்தித்துறை வடையை கையில திணிச்சாங்க, காசு வாங்கவே மாட்டேன்னுட்டாங்க.

மதியம் ஜீசா. நார்மன் ராஜாக்களோட வெயில்கால மாளிகை, 1160-கள்ல ஆரம்பிச்சது. கடல் காத்து நேரா உள்ள நுழையற மாதிரி வாசலை வடகிழக்கு பார்த்து வச்சு, நடுக்கூடத்துல சுவர்ல இருந்து தண்ணி சரிஞ்சு வாய்க்கால்ல ஓடி வெளிக்குளத்துல விழற மாதிரி செஞ்சிருக்காங்க, காத்து தண்ணியைத் தொட்டு குளிர்ந்து மேல்மாடிக்கு ஏறிடும். இப்ப மியூசியம். நான் முக்கியமா பார்க்க வந்தது ஒரே ஒரு பளிங்குக் கல்லை. கிரிசாந்தோன்னு ராஜாவோட பாதிரியார் ஒருத்தர், அவங்க அம்மா ஆன்னா 1148-ல இறந்துட்டாங்க, மகன் அம்மாவுக்கு வச்ச கல்லறைக் கல். மேல ஹீப்ரு எழுத்து, இடது பக்கம் லத்தீன், வலது பக்கம் கிரேக்கம், கீழ அரபி, நடுவுல வண்ணக்கல் பதிச்ச வட்டத்துக்குள்ள சிலுவை. நாலும் ஒரே சேதிதான், ஆனா வருஷத்தை ஒவ்வொண்ணும் அவங்கவங்க கணக்குலயே எழுதியிருக்கு. படிக்கிறவங்க யாரா இருந்தாலும் எங்க அம்மாவைத் தெரிஞ்சுக்கட்டும்னு அந்த மகன் நினைச்சிருக்காரு. பக்கத்துல யாருமே இல்ல, அரை மணி நேரம் அங்கயே நின்னேன். பலெர்மோவுல ஒரே ஒரு பொருளைத்தான் பார்க்க முடியும்னா நான் தங்க மொசைக்கை விட்டுட்டு இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

கப்புச்சின் மடத்து நிலவறை பக்கத்துலதான், பதப்படுத்தின ஆயிரக்கணக்கான உடல்களை சுவரோரம் நிறுத்தி வச்சிருக்காங்க. நாங்க போகல, மனசு வரல.

ஞாயிறு – மோந்தே பெல்லெகிரீனோ

ஊருக்கு வடக்கே கடலை ஒட்டி தனியா நிக்கற 600 மீட்டர் மலை. 1787-ல வந்த ஜெர்மன் கவிஞர் கதே உலகத்துலயே அழகான கடல்முனைன்னு இதைத்தான் எழுதினாரு. அடிவாரத்துல இருந்து கல் பாவின பழைய பாதை வளைஞ்சு வளைஞ்சு ஏறுது. காலையில ஆறரைக்கு ஆரம்பிச்சோம், நாங்கதான் சீக்கிரம்னு நினைச்சா எங்களுக்கு முன்னாடியே ஜனங்க. செருப்பில்லாம ஒரு சிசிலி பாட்டி, ஜெபமாலையோட. டிராக்சூட்ல ஓடற பசங்க. அப்புறம் ஒரு திருப்பத்துல அஞ்சாறு தமிழ்க் குடும்பம், அக்காக்கள் புடவையில, நெத்தியில திருநீறு, செருப்பைக் கழட்டி பையில போட்டுக்கிட்டு ஏறறாங்க, பின்னாடி பொடிசுங்க ஒருத்தரையொருத்தர் இத்தாலியில திட்டிக்கிட்டு வருது. "வாங்கோ வாங்கோ, இன்னும் கொஞ்சந்தான்"னு ஒரு அக்கா என் கையைப் பிடிச்சு ஒரு செங்குத்துல ஏத்தி விட்டாங்க.

ரோசாலியா 12-ம் நூற்றாண்டுப் பெண், பிரபு குடும்பம்னு சொல்வாங்க, எல்லாத்தையும் விட்டுட்டு இந்த மலைக் குகையில வந்து இருந்து இங்கயே இறந்துட்டாங்க. ஊரே மறந்துபோச்சு. 1624-ல பலெர்மோவுல கொள்ளைநோய், குகையில எலும்புகள் கிடைச்சுது, அதை ஊர்வலமா தெருத்தெருவா கொண்டு போனதும் நோய் நின்னுதுன்னு நம்பிக்கை. அன்னில இருந்து இவங்கதான் ஊர்த்தெய்வம். பழைய காவல் புனிதர்கள் நாலு பேரும் குவாத்ரோ கான்தி சுவரோட நின்னுட்டாங்க.

கோயிலோட முகப்பு மட்டும்தான் கட்டடம், உள்ள போனா பாறைக் குகை. கூரையில இருந்து தண்ணி சொட்டிட்டே இருக்கு, அதைப் பிடிச்சு கொண்டு போக தகரத்துல கோணல் மாணலா நிறைய வாய்க்கால் தொங்க விட்டிருக்காங்க, மெழுகுவத்தி வெளிச்சத்துல அது தனி அழகு. கண்ணாடிக்குப் பின்னாடி ரோசாலியா சாய்ஞ்சு படுத்திருக்கற பளிங்குச் சிலை, மேல தங்க அங்கி. ஓரச் சுவர்ல வெள்ளித் தகட்டுல செஞ்ச கை, கால், கண், இதயம், நம்ம சமயபுரத்துல உருவம் வாங்கிப் போடற மாதிரியேதான் நேர்ந்துக்கிட்டு செலுத்தியிருக்காங்க. பூசை இத்தாலி மொழியில நடந்துட்டிருந்துது. முன்வரிசையில அந்தப் பாட்டி முழங்கால்ல, ரெண்டு வரிசை தள்ளி என் கையைப் பிடிச்சு ஏத்தின அக்கா கண்ணை மூடி கைகூப்பி நின்னு வாய்க்குள்ள தமிழ்ல என்னமோ சொல்லிட்டிருந்தாங்க, கண்ணுல தண்ணி. எனக்கும் வந்துடுச்சு. ஊரை விட்டு ஓடி வந்தவங்களுக்கு ஊரை விட்டு ஓடி வந்த ஒரு பொண்ணு துணை, அதுல எனக்கு எந்த ஆச்சரியமும் இல்ல.

வெளியில வந்ததும் எல்லாரும் சாப்பாட்டைப் பிரிச்சாங்க, இடியப்பம், சம்பல், எங்களுக்கும் ஒரு தட்டு. சிசிலிக் குடும்பம் ஒண்ணு அவங்க சுட்ட ஸ்பின்ச்சோனேயை, வெங்காயம் தக்காளி போட்ட தடிமனான ரொட்டி அது, இவங்களுக்குக் கொடுத்தாங்க. வருஷா வருஷம் பார்க்கறவங்களாம். இறங்கும்போது கால் கெஞ்சிடுச்சு, பஸ்லதான் வந்தோம்.

திங்கள் – மொன்ரியாலே

இண்டிபெண்டென்சா சதுக்கத்துல இருந்து பஸ் இருக்கு, எட்டு கிலோமீட்டர்தான், மேட்டுல ஏறணும். ரோஜரோட பேரன் இரண்டாம் வில்லியம் 1174 வாக்குல ஆரம்பிச்ச பேராலயம், உள்ள சுமார் 6,400 சதுர மீட்டர் மொசைக். கப்பெல்லா பலத்தினா கைக்குள்ள அடங்கற நகைன்னா இது ஊரையே மூடற அளவு தங்கம். எனக்குப் பிடிச்சது பெரிய சாமி உருவங்களை விட வேலைக்காரங்க படம்தான். நோவா கப்பல் கட்டற இடத்துல ரெண்டு பேரு ரம்பத்தால மரம் அறுக்கறாங்க, பாபேல் கோபுரத்துல சித்தாள் சாந்து குழைச்சு ஏணியில தூக்கிட்டுப் போறாரு. இந்தக் கோயிலைக் கட்டினவங்க தங்களையே பார்த்து வரைஞ்சுக்கிட்டாங்கன்னு எனக்குத் தோணுது.

பீடத்துக்குப் பின்னாடி புனிதர் வரிசையில இங்கிலாந்து பேராயர் தாமஸ் பெக்கெட் நிக்கறாரு. 1170-ல அவரைக் கொன்னது ராஜா ரெண்டாம் ஹென்றியோட வீரர்கள், அந்த ஹென்றியோட பொண்ணு ஜோன்தான் 1177-ல வில்லியமுக்கு மனைவியா வந்தாங்க. அப்பா ஆட்கள் கொன்னவரை மகள் இந்தக் கோயில் சுவர்ல பார்த்திருப்பாங்க.

மடத்து முற்றத்தை தனி டிக்கெட்டா இருந்தாலும் விட்டுடாதீங்க. ஜோடி ஜோடியா 228 தூண், தலைப்பகுதிச் சிற்பம் ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. மாடியில இருந்து பார்த்தா கீழ பள்ளத்தாக்கு. பொன் கிண்ணம்னு பேரு வாங்கின எலுமிச்சை ஆரஞ்சுத் தோப்பு முழுக்க இங்கதான் இருந்துது, 50-கள்லயும் 60-கள்லயும் மாஃபியாவும் அரசியல்வாதிகளும் சேர்ந்து தோப்பையும் பழைய பங்களாக்களையும் அழிச்சு அடுக்குமாடியா கட்டிட்டாங்க. பார்க்கவே வயிறு எரியுது.

செவ்வாய் – செஃபாலு

ரயில்ல கடலோரமாவே ஒரு மணி நேரம். ரோஜர் 1131-ல ஆரம்பிச்ச பேராலயம், பின்னாடி 270 மீட்டர் பாறை, முன்னாடி மீனவத் தெரு. தன்னை இங்கதான் புதைக்கணும்னு ரோஜர் ரெண்டு போர்ஃபிரி கல்லறைத் தொட்டியை இந்தக் கோயில்ல வச்சிருந்தாரு, அது நடக்கல, பிற்பாடு ஃபிரெடரிக் அதைத் தூக்கி பலெர்மோவுக்கு கொண்டு போயிட்டாரு. வெள்ளிக்கிழமை பார்த்தோமே, அதேதான். இங்க இருக்கற இயேசு மொசைக் 1148-ல முடிஞ்சது. கையில விரிச்ச புத்தகம், ஒரு பக்கம் கிரேக்கம், ஒரு பக்கம் லத்தீன். கப்பெல்லா பலத்தினா, மொன்ரியாலே, இங்கன்னு மூணு கோயில்லயும் இதே உருவம்தான் இருக்கு, ஆனா இந்த முகத்துல இருக்கற இரக்கம் மத்த ரெண்டுலயும் இல்லைன்னு நான் சொல்வேன், வீட்டுக்காரருக்கு மொன்ரியாலேதான். மதியம் பழைய துவைகல் துறையைப் பார்த்துட்டு கடல்ல இறங்கிட்டோம், மே மாசத்துத் தண்ணி இன்னும் சில்லுன்னுதான்.

போறவங்களுக்கு சிலது. எல்லாக் கோயிலுக்கும் தோளும் முட்டியும் மூடின உடுப்பு வேணும். மார்தொரானா மாதிரி சின்ன கோயில்களை மதியத்துல மூடிடறாங்க, ஞாயிறு காலையில பூசை நேரத்துல சுத்திப் பார்க்க விடமாட்டாங்க. ஊருக்குள்ள நடந்தே எல்லாத்தையும் பார்த்துடலாம், டாக்சி தேவையில்ல. வெயில் தாங்கும்னா ஜூலை 14 ராத்திரி இருக்கற மாதிரி போங்க, ரோசாலியா தேர் கதீட்ரல்ல இருந்து கடற்கரை வரைக்கும் போகும், வாணவேடிக்கை உண்டு. மலைக்கு நடக்கணும்னா செப்டம்பர் 3 ராத்திரி, மறுநாள் அவங்க திருநாள், ஊரே விடிய விடிய ஏறுமாம்.